வால்வைக் காக்கும் 50 ஓம்

வீட்டிலேயே கட்டப்படும் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) பெருக்கிகளில் வால்வின், அதாவது வெற்றிடக் குழாயின், ஆனோடுக்கு (எலக்ட்ரான்களை ஈர்க்கும் தகட்டுக்கு) ஏறத்தாழ 3000 வோல்ட் வரை நேர்மின்னழுத்தம் தரப்படுகிறது. அதைச் சீராக்கும் மின்தேக்கிகளின் மொத்தக் கொள்ளளவு 30 மைக்ரோஃபாரட் என்று கொண்டால், அவற்றில் 135 ஜூல் ஆற்றல் தேங்கி நிற்கும். நெடுநாள் சும்மா கிடந்த வால்வுக்குள் எஞ்சியிருக்கும் துளி வாயு அயனியாகி, ஆனோடுக்கும், எலக்ட்ரான் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிவலையான கிரிட்டுக்கும் இடையே மின்வில் பாயுமானால், அந்த ஆற்றல் முழுவதும் மெல்லிய கிரிட் கம்பிகளின் வழியே கணத்தில் இறங்கப் பார்க்கும். மின்இணைப்பில் உள்ள ஃபியூஸ் உருகுவதற்குள் மின்தேக்கி காலியாகிவிடும்.

இதற்கு மருந்து எளியது. உயர் அழுத்த நேர்முனைக்கும் ஆனோடு சோக்குக்கும் (ரேடியோ அலைவரிசை மின்னோட்டத்தைத் தடுக்கும் சுருளுக்கும்) இடையே 50 ஓம் கம்பிச்சுற்று மின்தடை ஒன்றைத் தொடராக இணைத்தால், மின்வில் பாயும்போதும் அம்மின்தேக்கிகளிலிருந்து 60 ஆம்பியருக்கு மேல் வர முடியாது. எரியும் வில்லின் குறுக்கே நிற்கும் அழுத்தம் மிகச் சிறியது என்பதால், 135 ஜூலில் பெரும்பகுதி அந்த மின்தடையிலேயே வெப்பமாகத் தீர்ந்துபோகும். வழக்கமான வேளையில், அரை ஆம்பியர் ஓடும்போது, அது விழுங்குவது 25 வோல்ட், 12.5 வாட் மட்டுமே. பளபளக்கும் பெட்டிக்குச் செலவிட்டு இந்தத் துண்டை விட்டுவிடுவது எனக்குப் புரியாத சிக்கனம். சிறிய கார்பன் மின்தடை வெடித்து, அதன் சிதைந்த பரப்பின் மேலேயே வில் தொடரக்கூடும். ஆகவே நீளமான, 50 வாட் தாங்கும் வகையே தக்கது.

கிரிட்டைப் பெட்டியோடு இணைத்துத் தரையிட்ட பெருக்கிகளில், மின்னோட்டத்தை அளப்பதற்காக உயர் அழுத்த எதிர்முனையைப் பெட்டியோடு நேராக இணைக்காமல் ஒரு சிறு மின்தடையின் வழியே இணைப்பார்கள். வில் பாய்ந்ததும் அந்த எதிர்முனை, பெட்டியைவிடப் பெரிதும் கீழான அழுத்தத்துக்குப் பாய்ந்து மீட்டரின் சுருளை எரித்துவிடும். பெட்டியிலிருந்து எதிர்முனை நோக்கிக் கடத்துமாறு ஒரு தடித்த டயோடை வைத்தால், வேறுபாடு ஓரிரு வோல்ட்டில் நின்றுவிடும்.

வில் பாயாமலே கிரிட் அழிவதும் உண்டு. ஆன்டெனாப் பக்கச் சுமை இலேசாகி உள்ளீடு மிகும்போது, ஆனோடின் அழுத்தம் ஒவ்வொரு சுழற்சியிலும் மிகத் தாழ்ந்துவிடுவதால், எலக்ட்ரான்கள் கிரிட்டில் விழுந்து அதைச் சூடேற்றுகின்றன. மீட்டரின் முள்ளைக் கண்டு கை விலகுவதற்குள் காரியம் முடிந்துவிடும். கிரிட் மின்னோட்டம் எல்லை மீறிய உடனே உள்ளீட்டைத் துண்டிக்கும் ரிலே அதற்காகவே தேவைப்படுகிறது.

இத்தகைய பெருக்கிகளில் பயன்படும் 3-500இசட் வால்வின் இழைக்கு (சூடேறி எலக்ட்ரான்களை உமிழும் கம்பிக்கு) 5 வோல்ட்டில் 14.5 ஆம்பியர் வேண்டும். குளிர்ந்த இழையின் மின்தடை பல மடங்கு குறைவு என்பதால், முதல் ஓரிரு நொடிகளுக்கு ஒரு தொடர் மின்தடையின் வழியே மின்சாரம் விடுவது நல்லது. இழையை அணைத்த பிறகும் விசிறி சில நிமிடங்கள் ஓடினால்தான், கண்ணாடியும் உலோகமும் சேரும் ஒட்டுகள் விரிசல் விடாமல் ஆறும்.