பாதத்தை விடாத நாக்கு

இரவு விளக்கை அணைத்த பிறகுதான் அந்தச் சத்தம் கேட்கும். சளக், சளக், சளக். கட்டிலுக்குக் கீழே எங்கள் ஜிம்மி முன்னங்கால் பாதத்தை நக்கிக்கொண்டிருப்பான். "டேய், போதும்டா" என்றால் நிறுத்துவான். ஒரு நிமிடம்தான், மறுபடி ஆரம்பித்துவிடுவான். வெள்ளை ஸ்பிட்ஸ் நாய் அவன். நம் ஊரில் பொமரேனியன் என்று சொல்லி வளர்க்கிறோமே, அந்த வகை. இரண்டே மாதத்தில் விரல் இடுக்கில் இருந்த வெள்ளை முடி துரு ஏறியதுபோல் செம்பழுப்பாகிவிட்டது. ரத்தமோ என்று பயந்து ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். துணியில் எதுவும் ஒட்டவில்லை.

அது எச்சில் கறை. நாயின் எச்சிலிலும் கண்ணீரிலும் போர்ஃபிரின் என்ற நிறமி இருக்கிறது. ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் என்ற மூலக்கூறும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். எச்சில் ஓயாமல் படுகிற முடியில் இந்த நிறமி தங்கிவிடும். வெள்ளை நாய், இளமஞ்சள் நாய் என்றால் பார்த்ததும் தெரியும். கறுப்பு லாப்ரடார் அதே அளவு நக்கினாலும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் அடர்நிற நாய் வளர்ப்பவர்கள் சத்தத்தையும் வாடையையும்தான் கவனிக்க வேண்டும்.

பாதத்தை நக்காத நாய் கிடையாது. வெளியே போய்விட்டு வந்ததும் கொஞ்ச நேரம் நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும், அப்புறம் படுத்துவிடும். அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. தூக்கத்திலிருந்து எழுந்து நக்குகிறது, விளையாட்டை நடுவில் விட்டுவிட்டு வந்து நக்குகிறது, விரல் இடுக்கு சிவந்து ஈரமாகவே கிடக்கிறது என்றால்தான் விஷயம் வேறு.

இதைப் புரிந்துகொள்ள ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும்: நாய் பாதத்தை நக்குவது பெரும்பாலும் சொறிவதுதான். காது அரித்தால் பின்னங்காலைத் தூக்கி நகத்தால் சொறிந்துகொள்ளும். வாலடியில் அரித்தால் பல்லால் கடிக்கும். பாதம் அரித்தால்? நகத்தை விரல் இடுக்குக்குள் கொண்டுபோக முடியாது. நாக்கும் முன்பல்லும்தான் எட்டும். நாம் அதைப் பார்த்துவிட்டு "பாவம், போரடிக்குது போல" என்று நினைத்துக்கொள்கிறோம். அதே நாய் அவ்வளவு நேரம் காதைச் சொறிந்துகொண்டிருந்தால் மறுநாளே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடியிருப்போம்.

சரி, பாதம் ஏன் அரிக்கிறது? அடிக்கடி தட்டுப்படும் காரணம் அடோபிக் டெர்மடைட்டிஸ் என்ற தோல் ஒவ்வாமை. இது பரம்பரையாக வருவது. லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், பக், புல்டாக், ஜெர்மன் ஷெப்பர்ட், பாக்ஸர் போன்ற இனங்களில் அதிகம். வழக்கமாக ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் தலைகாட்டும். நமக்கெல்லாம் ஒவ்வாமை என்றால் தும்மல், மூக்கொழுகல். நாய்க்கு அது தோலில்தான் தெரியும்: பாதம், காது, முகம், அக்குள், அடிவயிறு.

மகரந்தத்தையும் தூசியையும் மூச்சில் இழுப்பதால்தான் இது வருகிறது என்று முன்பு நம்பினார்கள். இப்போது அந்தக் கருத்து மாறிவிட்டது. இந்த நாய்களின் தோலில் மேலடுக்குச் செல்களை ஒன்றோடொன்று பிணைத்து வைக்கும் கொழுப்புப் பூச்சு சரியாக இருக்காது. காரை உதிர்ந்த செங்கல் சுவர் மாதிரி. அந்த இடைவெளி வழியாகத் தூசிச் சிற்றுண்ணி, மகரந்தம், பூஞ்சை இவற்றின் புரதத் துணுக்குகள் உள்ளே நுழைகின்றன. நாள் முழுவதும் தரையில் தேய்வது எது? பாதம்தான். அடிப்பாத மெத்தை தடிமனாக இருந்தாலும் விரல்களுக்கு நடுவே இருக்கும் தோல் மெல்லியது, மடிப்பு மடிப்பாக இருப்பது. பாதத்துக்கு முதலில் வருவதில் ஆச்சரியமில்லை.

உள்ளே போன துணுக்கைப் பகை என்று எடுத்துக்கொண்டு எதிர்ப்புச் செல்கள் கிளம்புகின்றன. இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்தச் செல்கள் வெளியிடும் பொருள்களில் இன்டர்லியூகின்-31 என்று ஒன்று உண்டு. 2004-இல் கண்டறியப்பட்டது. இது நேராகப் போய் அரிப்பு நரம்பின் நுனியில் ஒட்டிக்கொள்ளும். நரம்பு தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பும், மூளை அரிப்பை உணரும். ஆரோக்கியமான பீகிள் நாய்களுக்கு இந்தப் பொருளை மட்டும் செலுத்திப் பார்த்தார்கள். வேறெந்த நோயும் இல்லாமலே அவை சொறியவும் நக்கவும் தொடங்கின. 2013-இல் அந்த ஆய்வு வெளியானது.

நம் வீடுகளில் சளிக்கு எடுக்கிற செட்ரிசின் மாத்திரையில் பாதியை நாய்க்குக் கொடுத்துவிட்டு "கேக்கவே மாட்டேங்குது" என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வாமையின்போது உடல் வெளியிடும் ஹிஸ்டமின் என்ற பொருளைத் தடுப்பது அந்த மாத்திரை. நாயின் நீடித்த அரிப்பில் ஹிஸ்டமினுக்குப் பங்கு குறைவு. பூட்டு ஒன்று, சாவி வேறு.

நக்கும்போது கொஞ்சம் சுகமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. நாக்கின் உரசலையும் பல்லின் கடியையும் வேறு நரம்புகள் தண்டுவடத்துக்கு எடுத்துப்போகின்றன. அந்தச் செய்தி வந்து சேர்ந்ததும் அரிப்புச் செய்தி அங்கேயே அமுங்கிவிடும். கொசு கடித்த இடத்தை நகத்தால் அழுத்தினால் நமக்கு எப்படி இருக்குமோ அப்படி. நக்கலை நிறுத்தினால் அரிப்பு திரும்பிவிடும். ஆகவே மறுபடியும் நாக்கு.

பிரச்சினை பெரிதாவது இதற்கப்புறம்தான். வயலில் சேற்றில் நின்று வேலை செய்பவர்களுக்குக் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வரும். ஓயாத ஈரத்தில் தோல் வெளுத்து ஊறிப்போக, கிருமி உள்ளே புகுந்துவிடும். எச்சிலில் நனைந்தே கிடக்கும் பாதத்திலும் அதே கதைதான். மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சையும், ஸ்டஃபிலோகாக்கஸ் வகைப் பாக்டீரியாவும் சாதாரண நாய்த் தோலிலேயே கொஞ்சம் இருப்பவைதான். ஈரமும் கதகதப்பும் கிடைத்ததும் பல்கிப் பெருகுகின்றன. அவையே புதிதாக அரிப்பைக் கிளப்புகின்றன. அரிப்பால் நக்கல், நக்கலால் ஈரம், ஈரத்தால் கிருமி, கிருமியால் அரிப்பு. தொடக்கத்தில் காரணம் எதுவாக இருந்தாலும், சில வாரங்களில் இந்தச் சக்கரம் தானாகவே சுற்ற ஆரம்பித்துவிடும். முதல் காரணம் போன பிறகும் நிற்காது.

"நாய் எச்சில் புண்ணை ஆற்றும்" என்று பாட்டிமார் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 1990-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நாய் எச்சில் ஈ.கோலை பாக்டீரியாவையும், ஸ்ட்ரெப்டோகாக்கஸில் ஒரு வகையையும் கொல்வதைக் கண்டார்கள். குட்டி போட்ட தாய் தன் மடியையும் குட்டியையும் நக்குவதற்கு இதில் பொருள் இருக்கிறது. ஆனால் ஸ்டஃபிலோகாக்கஸை அந்த எச்சில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பாதத்தில் பெருகுவதோ அதுதான். பாட்டி சொன்னதை இந்த இடத்தில் மட்டும் நம்பிவிடாதீர்கள்.

ஜிம்மியை மருத்துவரிடம் கொண்டுபோனபோது, அவர் மேசை டிராயரிலிருந்து சாதாரண செல்லோ டேப்பை எடுத்தார். விரல்களை விரித்து, இடுக்கில் டேப்பை அழுத்தி ஒட்டி எடுத்து, ஊதா நிறச் சாயத்தில் நனைத்துக் கண்ணாடித் துண்டில் ஒட்டினார். மைக்ரோஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். நடுவில் இடுங்கிய குட்டி வேர்க்கடலைகள் கும்பல் கும்பலாகக் கிடந்தன. அவ்வளவும் மலசீசியா. ஊறிப்போன ரொட்டி போல ஒரு புளித்த வாடை ஜிம்மியின் காலில் வந்துகொண்டிருந்ததே, அதற்கும் இதுதான் காரணம்.

அப்புறம் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஒரு காலையா, எல்லாக் காலையுமா?"

இது மிக நல்ல கேள்வி. திடீரென்று ஒரே ஒரு காலை மட்டும் நக்கினால் அந்தக் காலில்தான் ஏதோ இருக்கிறது. நெருஞ்சி முள், கருவேல முள், ஒடிந்த நகம், கண்ணாடிக் கீறல், விரல் இடுக்கில் ஒளிந்திருக்கும் உண்ணி. உண்ணிக்கு அந்த இடுக்கு மிகப் பிடித்த இடம். விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்க்காவிட்டால் கண்ணில் படாது. வயதான நாய் மணிக்கட்டு மூட்டையே நக்கினால் மூட்டுவலியாக இருக்கலாம். சித்திரை வெயிலில் மதியம் தார்ரோட்டில் நடத்திக் கூட்டிவந்த அன்று நான்கு பாதத்தையும் நக்கினால், அது சூட்டுக்காயம். உங்கள் புறங்கையை ரோட்டில் வைத்துப் பாருங்கள். சில நொடி தாங்க முடியவில்லை என்றால் அதற்கும் தாங்காது. வீட்டுத் தரையைத் துடைக்கும் ஃபினாயிலையும் சந்தேகப்பட வேண்டும். துடைத்த ஈரத்தில் நடந்த பாதத்தை நாய் நக்கும்போது அது வயிற்றுக்குள்ளும் போகிறது.

இரண்டு முன்னங்காலும், அல்லது நான்கும், கூடவே காதும் அடிவயிறும் சிவந்தால் ஒவ்வாமைதான் முதல் சந்தேகம். உணவு ஒவ்வாமையாகவும் இருக்கலாம். கோழி, மாட்டிறைச்சி, பால், கோதுமை இவைதான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கின்றன. ரத்தப் பரிசோதனையில் இதை நம்பகமாகச் சொல்ல முடியாது. நல்ல வழி, நாய் இதுவரை சாப்பிடாத புரதத்தை மட்டும் எட்டு வாரம் கொடுத்துவிட்டு, அரிப்பு குறைந்ததும் பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பது. அரிப்பு திரும்பி வந்தால் விடை கிடைத்துவிட்டது. அந்த எட்டு வாரமும் பிஸ்கட் கிடையாது, தயிர்சாத உருண்டை கிடையாது. வீட்டில் எல்லாரும் ஒத்துழைக்காவிட்டால் இந்தச் சோதனை வீண்தான்.

போரடித்து நக்குவது என்பதே இல்லையா என்றால், இருக்கிறது. முன்னங்காலில் ஒரே இடத்தை மாதக்கணக்கில் நக்கி, முடி உதிர்ந்து தோல் தடித்துக் காய்த்துப்போகும் நிலை உண்டு. டாபர்மேன், லாப்ரடார், கிரேட் டேன் போன்ற பெரிய நாய்களில் வரும். மனிதர்களின் கட்டாய மனநோயை ஆராய்ந்த அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ராபோபோர்ட், 1992-இல் இந்த நாய்களுக்கு குளோமிப்ரமின் என்ற அதே மனித மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். நக்குவது குறைந்தது. கையை ஓயாமல் கழுவும் மனிதருக்கும் காலை ஓயாமல் நக்கும் நாய்க்கும் மூளையில் ஏதோ பொதுவாக இருக்கிறது என்ற எண்ணத்துக்கு அது வலுச் சேர்த்தது. ஆனாலும் அரிப்பு, வலி, கிருமி மூன்றும் இல்லை என்று பார்த்த பிறகுதான் மனதைச் சொல்ல வேண்டும். அந்தத் தடித்த தோலுக்கு அடியிலும் ஆழமாகக் கிருமி இருப்பது சகஜம்.

சிகிச்சை இரண்டு பக்கமும் போக வேண்டும். கிருமியை ஒழிக்க மருத்துவர் சொல்லும் குளோர்ஹெக்சிடின் கரைசலில் பாதத்தைக் கழுவி, விரல் இடுக்கு வரை ஈரம் போகத் துடைக்க வேண்டும். துடைப்பதுதான் முக்கியம், பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். அரிப்பை அடக்க, இன்டர்லியூகின்-31 நரம்புக்குள் அனுப்பும் சமிக்ஞையைத் தடுக்கும் ஓக்லாசிட்டினிப் மாத்திரை 2013-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் பிறகு, அந்தப் பொருளையே பிடித்துச் செயலிழக்க வைக்கும் லோகிவெட்மாப் ஊசியும் வந்தது. ஒரு ஊசி ஏறத்தாழ ஒரு மாதம் தாங்கும். ஸ்டீராய்டும் கேட்கும். ஆனால் தாகமும் பசியும் கூடும், நீண்ட நாள் கொடுத்தால் வேறு தொல்லைகள் வரும்.

கையில் கிடைத்த களிம்பைத் தடவாதீர்கள். பாதத்தில் தடவுவது எல்லாம் வாய்க்குள்தான் போகும். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சித் தடவுவது நம் கைவைத்தியம்; கற்பூரம் நாய்க்கு விஷம். கழுத்தில் கூம்பு காலர் மாட்டினால் நாக்கு பாதத்துக்கு எட்டாது, ஆனால் அரிப்பு அப்படியே இருக்கும். சொறியவும் முடியாமல் அது படும் அவஸ்தையை நினைத்துப் பாருங்கள். சிகிச்சையோடு சேர்த்துச் சில நாள் போடலாம், அவ்வளவுதான்.

ஜிம்மிக்குத் தூசிச் சிற்றுண்ணி ஒவ்வாமை என்று முடிவானது. மழைக்காலத்தில் அவன் படும்பாடு கூடியதற்கும் அதுதான் காரணம். காற்றில் ஈரம் ஏறினால் சிற்றுண்ணி பெருகும். அவன் படுக்கைத் துணியை இப்போது வாரம் ஒருமுறை கொதிக்கும் வெந்நீரில் போட்டு வெயிலில் காயவைக்கிறோம். நடந்து வந்ததும் நாலு பாதத்தையும் கழுவித் துடைக்கிறோம். மருந்து தொடங்கிய நாலாம் நாள் இரவு சத்தம் நின்றது. கறை மட்டும் போகவில்லை. ஒரு மாதம் கழித்து விரலை விரித்துப் பார்த்தேன். நுனியில் அதே செம்பழுப்பு, அடியில் அரை விரற்கடை அளவுக்குப் புது வெள்ளை முடி.