ஃப்ளேர்ல வெள்ளையா தெரியறதெல்லாம் ரத்தம் இல்லங்க

ஐசியூலேர்ந்து வர்ற எம்ஆர்ஐ ரிக்வெஸ்ட் ஃபார்ம்ல பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும், "நினைவு தெளிவில்ல, மூளைல ரத்தக்கசிவு இருக்கான்னு பாக்கவும்", அவ்ளோதான். பேஷண்டுக்கு ஆக்ஸிஜன் போகுதா, மாஸ்க்கா வெண்டிலேட்டரா, எத்தன சதவீதம்னு எழுதறவங்க ரொம்ப கம்மி. ரேடியாலஜிஸ்டா இருக்கற எங்களுக்கு அந்த ஒரு விவரம் தெரியலன்னா சில படத்துக்கு ரிப்போர்ட் எழுதவே கை வராது.

மூளைய சுத்தி இருக்கற நீர், அதாவது சிஎஸ்எஃப், ஃப்ளேர்ங்கற எம்ஆர்ஐ சீக்வென்ஸ்ல (ஒரு வகை படம்) கருப்பாதான் வரணும். அந்த நீரோட சிக்னல் பூஜ்யத்துக்கு வர்ற நேரத்த கணக்கு பண்ணி அப்ப படம் எடுக்கற மாதிரி செட் பண்ணிருப்பாங்க, 1.5 டெஸ்லா மெஷின்ல அது சுமாரா 2000-லேர்ந்து 2500 மில்லிசெகண்ட். நீர் கருப்பாயிட்டா அதுல எது கலந்திருந்தாலும் பளிச்சுனு தெரியும், மூளை மடிப்புக்குள்ள ரத்தம் கசிஞ்சிருந்தா (சப்அரக்னாய்ட் ஹெமரேஜ்) அந்த மடிப்பு வெள்ளையாயிடும். சிக்கல் என்னன்னா 100% ஆக்ஸிஜன் வாங்கிட்டிருக்கறவங்களுக்கும் அதே மடிப்பு வெள்ளையா வரலாம், ஒரு சொட்டு ரத்தம் கூட அங்க இல்லாம!

காரணம் ரொம்ப சுவாரஸ்யமானது. ஆக்ஸிஜன் மூலக்கூறுல ஜோடி சேராத எலக்ட்ரான் ரெண்டு இருக்கு, அதனால அது காந்தத்துக்கு லேசா இழுபடும், பாராமேக்னடிக். சாதாரண காத்த சுவாசிக்கறப்பவே ஹீமோகுளோபின் 97, 98 சதவீதம் நிரம்பிடுது, அதுக்கு மேல நாம குடுக்கற ஆக்ஸிஜன் ஹீமோகுளோபின்ல ஏற இடமில்லாம பிளாஸ்மால அப்படியே கரைஞ்சு ஓடும். நுரையீரல் நல்லா இருக்கறவங்களுக்கு தமனி ரத்தத்துல ஆக்ஸிஜன் அழுத்தம் 100-ல இருந்து 500 மில்லிமீட்டர் மெர்குரிக்கு மேலயே போயிடும். அது மூளை மேல ஓடற சின்ன தமனிகள் வழியா பக்கத்துல இருக்கற நீருக்குள்ள இறங்கி அந்த நீரோட டி1 நேரத்த, அதாவது அதோட சிக்னல் பழைய நிலைக்கு திரும்ப ஆகற நேரத்த, குறைச்சிடுது, அப்ப மெஷின் போட்ட கணக்கு தப்பி கருப்பா வரவேண்டியது வெள்ளையா வந்துடுது. தமனிக்கு பக்கத்துல இருக்கற மேல் மடிப்புகளும் அடிப்பக்கத்து சிஸ்டர்னும் (நீர் தேங்கற இடம்)தான் வெள்ளையாகும், உள்ள இருக்கற வென்ட்ரிக்கிள் (மூளைக்குள்ள நீர் இருக்கற அறை) பெரும்பாலும் கருப்பாவே இருக்கும்.

மயக்கம் குடுத்து ஸ்கேன் பண்ற குழந்தைங்க படத்துல இது அடிக்கடி கண்ணுல படும். ஆரம்பத்துல ப்ரோபோஃபால் மாதிரி மயக்க மருந்து மேலதான் பழிய போட்டாங்க, அப்பறம் ஆக்ஸிஜன் அளவ மாத்தி மாத்தி எடுத்து பாத்தப்பதான் நிஜ ஆள் ஆக்ஸிஜன்தான்னு புரிஞ்சுது. அளவு குறைய குறைய வெள்ளையும் மங்கிடும், மூக்குல ட்யூப் வச்சு ரெண்டு லிட்டர் போறவங்ககிட்ட இது ஒரு பெரிய பிரச்சனையே இல்ல.

சரி, எப்படி பிரிச்சு பாக்கறது? ஆக்ஸிஜனால வந்த வெள்ளை ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி, மெல்லிசா, மழமழன்னு பரவி இருக்கும். ரத்தம் அப்படி ஒழுங்கா இருக்காது, ஒரு பக்கம் அடர்த்தியா ஒரு பக்கம் லேசா திட்டு திட்டா கிடக்கும், பேஷண்ட் மல்லாந்து படுத்திருக்கறதால வென்ட்ரிக்கிளோட பின்பக்க மூலைல கொஞ்சம் தங்கி ஒரு மட்டம் கட்டியிருக்கும். நான் ஃப்ளேர்ல வெள்ளைய பாத்ததும் முதல்ல தேடறது அந்த பின்மூலையத்தான்.

அடுத்தது எஸ்டபிள்யூஐ, பாராமேக்னடிக்கான ரத்தத்தையும் இரும்பையும் கருப்பா காட்டற இன்னொரு எம்ஆர்ஐ சீக்வென்ஸ். ஆக்ஸிஜன விட்டுட்ட ஹீமோகுளோபின் பாராமேக்னடிக், ஏத்திக்கிட்டது அப்படி இல்லன்னு 1936-லயே வேதியியலாளர்கள் பாலிங்கும் கோரியலும் காட்டிட்டாங்க. அதனால ஆக்ஸிஜன் நிறைய போறவங்களுக்கு எஸ்டபிள்யூஐல சிரைகள் வழக்கத்த விட வெளுத்துப்போய் தெரியும், பாக்கறவங்க மிரண்டுடக்கூடாது. ஆனா பழைய கசிவு விட்டுட்டுப்போன ஹீமோசிடரின் இரும்பு, அது ஆக்ஸிஜன் குடுத்தாலும் குடுக்கலன்னாலும் கருப்புப் புள்ளியாவே நிக்கும். மடிப்பு ஃப்ளேர்ல வெள்ளை, அதே இடம் எஸ்டபிள்யூஐல கருப்புன்னா நான் ரத்தம்னே எடுத்துக்குவேன். எஸ்டபிள்யூஐ சுத்தமா இருந்தாலும் உடனே ரத்தம் இல்லன்னு அடிச்சு சொல்லிடவும் முடியாது, கசிஞ்சு சில மணி நேரமே ஆன ரத்தத்துல ஆக்ஸிஜன் இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கும், அதுவும் சிஎஸ்எஃப்ல கலந்தா அது இறங்க நேரமாகும்.

இதுல எனக்கு பெரிய பயம் எதிர்ப்பக்கம்தான். "ஓ, ஆக்ஸிஜன்ல இருக்காரா, அப்ப இது அதான்"னு நிஜ ரத்தத்த தள்ளிவிட்டா ஒரு உடைஞ்ச அனியூரிசம் (ரத்தக்குழாய்ல வர்ற வீக்கம்) கை நழுவிடும். தப்பா ரத்தம்னு எழுதினாலும் சும்மா போகாது, தேவையில்லாத ஆஞ்சியோகிராம், பக்கவாதத்துக்கு குடுத்துட்டிருந்த ரத்தம் உறையாம இருக்கற மருந்த நிறுத்தறதுன்னு வரிசையா வரும். அதனால சந்தேகம்னா சிடி எடுக்கறதுதான் நேர் வழி, திடீர்னு பயங்கர தலைவலி வந்த முதல் 6 மணி நேரத்துக்குள்ள நல்ல மெஷின்ல எடுத்த சிடிய இந்த விஷயத்துல பெரும்பாலும் நம்பலாம். நேரம் தாண்டிப்போச்சுன்னா முதுகுத்தண்டு நீர் எடுத்து மஞ்சளாயிருக்கான்னு பாக்கணும், அந்த மஞ்சள் நம்பற மாதிரி தெரிய 12 மணி நேரம் வரைக்கும் ஆகலாம். பேஷண்ட் தாங்குவாருன்னு மயக்க டாக்டர் சொன்னா ஆக்ஸிஜன் சதவீதத்த குறைச்சுட்டு கொஞ்ச நேரம் விட்டு ஃப்ளேர் மட்டும் திரும்ப எடுக்கலாம், வெள்ளை மங்கிடுச்சுன்னா விடை கிடைச்சாச்சு.

குடும்பத்துக்காரங்க இத படிச்சுட்டு ஸ்கேன் நல்லா வரணும்னு மாஸ்க்க கழட்டிடாதீங்க தயவுசெஞ்சு. ஆக்ஸிஜன் குறைஞ்சா மூளைக்கு வர்ற சேதம் நிஜமானது, படத்துல வர்ற வெள்ளை வெறும் வெள்ளைதான். சாதாரண இரும்பு சிலிண்டரயும் ஸ்கேன் ரூமுக்குள்ள கொண்டு போகவே கூடாது, 2001-ல நியூயார்க் மாநிலத்துல மெஷினுக்குள்ள இருந்த ஆறு வயசு பையன் அப்படி இழுக்கப்பட்ட சிலிண்டர் தலைல அடிச்சு இறந்திருக்கான். நீங்க செய்ய வேண்டியது டெக்னீஷியன்கிட்ட "ஆக்ஸிஜன் இத்தன லிட்டர் போகுது, நேத்துலேர்ந்து போகுது"ன்னு சொல்றதுதான். ரிப்போர்ட்ல "மடிப்புகளில் வெண்மை, ரத்தக்கசிவா என உறுதி செய்யவும்"னு இருந்தா, ஸ்கேன் அப்ப எவ்ளோ ஆக்ஸிஜன் போச்சுன்னு ரிப்போர்ட் எழுதினவங்களுக்கு தெரியுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.