மே மாதத்து ஏரியில் நீச்சல் தெரிந்தவரும் மூழ்குவது ஏன்?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உள்ள அல்கோன்குயின் பூங்காவில் ஏரிகளின் பனிக்கட்டி பெரும்பாலும் ஏப்ரல் கடைசியில்தான் உருகி விலகும். சில ஆண்டுகளில் மே முதல் வாரம் வரைகூடக் கிடக்கும். அது விலகி இரண்டு மூன்று வாரத்தில், மே பிற்பகுதியில் திங்கட்கிழமையும் சேர்ந்து வரும் விக்டோரியா டே விடுமுறை வந்துவிடுகிறது. வெயில் நன்றாக அடிக்கும். 25 டிகிரி வெப்பம்கூட இருக்கும். ரொறன்ரோவிலிருந்து மூன்று மணி நேரம் காரோட்டி வந்தவர்கள் டீ-சேர்ட்டோடு கனூவில், அதாவது துடுப்பு வலிக்கும் ஒடுக்கமான சிறு படகில், ஏறுவார்கள். லைஃப் ஜாக்கெட் காலடியில் கிடக்கும், இல்லையென்றால் உட்காரும் இடத்தில் மெத்தையாகப் போட்டிருப்பார்கள். கனூவுக்கு அடியில் உள்ள தண்ணீரோ 10 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஆழமான பெரிய ஏரிகளில் அதற்கும் கீழே.

வனப்பகுதி முதலுதவி கற்பிப்பதும், ஆட்களைக் கனூவில் அழைத்துப்போய் ஏரிக்கு ஏரி கூடாரம் போட்டுத் திரும்புவதும் என் தொழில். வகுப்புக்கு வருகிறவர்கள் எல்லோரும் கரடியைப் பற்றிக் கேட்பார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. 1991இல் இதே பூங்காவின் ஒப்பியோங்கோ ஏரியில் உள்ள பேட்ஸ் தீவில் கருங்கரடி இருவரைக் கொன்றது. ஆனால் அப்படி நடப்பது மிக அபூர்வம். சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்காமல் தள்ளி மரத்தில் உயரக் கட்டினால் அநேகமாகப் பிரச்சினை வராது. தண்ணீர் எவ்வளவு குளிராக இருக்கும் என்று கேட்பவர்கள்தான் குறைவு. என் கவலை முழுக்க அதில்தான்.

இங்கே போகாதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. 1893இல் உருவான பூங்கா இது. ஏறக்குறைய 7,600 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள். ஒரு ஏரியைத் துடுப்பு வலித்துக் கடந்து, கரையில் மஞ்சள் பலகையைத் தேடி, கனூவைக் கவிழ்த்துத் தோளில் தூக்கிக்கொண்டு காட்டுப்பாதையில் நடந்து அடுத்த ஏரியில் இறக்க வேண்டும். அந்த நடையைப் போர்ட்டேஜ் என்கிறார்கள். மூன்று போர்ட்டேஜ் தாண்டிவிட்டால் மனிதச் சத்தமே இருக்காது. நம் பிள்ளைகள் இதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போனால் கைப்பேசிக்குப் பெரும்பாலும் சிக்னல் கிடைக்காது, உதவி வந்துசேர மணிக்கணக்காகும் என்பதும் அதே தூரத்தின் இன்னொரு பக்கம்தான்.

சரி, குளிர்நீரில் விழுந்தால் உடம்புக்கு என்ன ஆகும்? "குளிரில் விறைத்துச் செத்துப்போவோம்" என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது கடைசியில் நடப்பது. பலர் அதுவரை தாக்குப்பிடிப்பதே இல்லை. குளிர்நீரில் மனித உடல் படும் பாட்டைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட். அவர் பரப்பிய கணக்கு 1-10-1. மூச்சை அடக்கி ஒழுங்குக்குக் கொண்டுவர 1 நிமிடம். அதன்பின் கை கால் சொன்னபடி கேட்பது ஏறக்குறைய 10 நிமிடம்தான். உடல் வெப்பம் இறங்கி நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம்.

முதல் நிமிடம்தான் நீச்சல் தெரிந்தவரையும் கொல்கிறது. குளிர்நீர் நெஞ்சில் பட்டதும் நாம் நினைத்தாலும் நிறுத்த முடியாதபடி ஒரு பெரிய மூச்சு உள்ளே இழுக்கும். அப்போது வாய் தண்ணீருக்குள் இருந்தால் இழுப்பது தண்ணீரைத்தான். அதைத் தொடர்ந்து நாய் இளைப்பதுபோல மூச்சு வாங்கும், இதயம் படபடக்கும். இதய நோய் உள்ளவருக்கு அங்கேயே ஆபத்து. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தால் அந்த ஒரு நிமிடமும் முகம் தண்ணீருக்கு மேலே நிற்க அது உதவும். கனூவுக்குள் கிடக்கும் ஜாக்கெட்டை விழுந்த பிறகு பிடித்துப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள், மூச்சு முட்டும்போது ஜிப்பை மாட்டிப் பார்க்கட்டும்.

"அண்ணை, நான் யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கேணியிலை நீந்திப் பழகினவன்" என்று வகுப்பில் யாராவது சொல்வார்கள். அவர் உண்மையிலேயே நன்றாக நீந்துவார். ஆனால் அவர் உடம்பு அறிந்தது வெதுவெதுப்பான தண்ணீரை. அதனால் மே மாத வகுப்பில் எல்லோரையும் கரையில் உட்காரவைத்து, இரு கைகளையும் மணிக்கட்டுக்கு மேல்வரை ஏரியில் வைக்கச் சொல்வேன். முதலில் சிரிப்பு. பிறகு வலி. சில நிமிடங்களில் வலி மரத்துவிடும். வெளியே எடுத்ததும் ஆளுக்கொரு லைட்டரைக் கொடுப்பேன். கட்டைவிரல் சக்கரத்தின் மேல் சும்மா வழுக்கும், அழுத்தவே வராது. தன் விரலைத் தானே வெறித்துப் பார்ப்பார்கள். தண்ணீருக்குள் 10 நிமிடம் ஆகிவிட்டால் துடுப்பும் கயிறும் கரையின் வேரும் கையில் நிற்காது என்பது அப்போது புரிந்துவிடும். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

கனடாவின் சட்டப்படி கனூவில் உள்ள ஒவ்வொருவருக்கும் அளவான லைஃப் ஜாக்கெட் இருந்தாக வேண்டும். விசில், தண்ணீர் இறைக்கும் பாத்திரம், 15 மீட்டர் மிதக்கும் கயிறு ஆகியவையும் வேண்டும். ஜாக்கெட் இருந்தால் மட்டும் போதாது, போட்டு ஜிப்பை மூடியிருக்க வேண்டும் என்பது என் ஒரே பிடிவாதம். அளவு சரியா என்று பார்க்க, ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். காது வரை ஏறினால் தளர்வு. குழந்தைகளுக்கு "அடுத்த வருசமும் போடலாம்" என்று பெரிதாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

ஜாக்கெட் மட்டும் எல்லோரையும் காப்பாற்றிவிடுமா என்றால், இல்லை. 1978 ஜூன் 11 அன்று, ஒன்ராறியோ-கியூபெக் எல்லையில் உள்ள டிமிஸ்கமிங் ஏரியில், ஒரு பள்ளியின் மாணவர்கள் ஆசிரியர்களோடு நான்கு பெரிய கனூக்களில் போனார்கள். காற்றும் அலையும் எழுந்தன. ஒரு கனூ கவிழ்ந்தது, உதவப்போன கனூவும் கவிழ்ந்தது. ஜாக்கெட் அணிந்திருந்தும் 12 சிறுவர்களும் ஒரு ஆசிரியரும் குளிர்நீரில் இறந்தார்கள். ஜூன் மாதம், தெரிந்துகொள்ளுங்கள். பெரிய ஏரியின் நடுவை நேர்கோட்டில் கடப்பதை நான் மறுப்பது இதனால்தான். கரையோரமாகப் போனால் தூரம் கூடும், கூடட்டும். காற்று எழுவதற்கு முன், அதிகாலையிலேயே பெரிய ஏரியைக் கடந்துவிட வேண்டும். ஒப்பியோங்கோ போன்ற ஏரியில் வாட்டர் டாக்ஸி (ஆளையும் கனூவையும் ஏற்றிப்போகும் வாடகை மோட்டார் படகு) எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கவிழ்ந்துவிட்டால் முதலில் மூச்சு, மற்றதெல்லாம் பிறகு. கனூவை விடாதீர்கள். கவிழ்ந்தாலும் அது மிதக்கும், தேடுபவர் கண்ணுக்கும் தெரியும். கரை கைக்கெட்டும் தூரத்தில் இல்லையென்றால் நீந்தப் புறப்படாதீர்கள். மிதந்து போகும் மூட்டைக்குப் பின்னால் போகவே கூடாது.

ஆளைக் கரையேற்றியபின் நம்மவர்கள் பாசத்தில் இரண்டு தவறு செய்வார்கள். கை காலைப் பரபரவென்று தேய்ப்பார்கள், "ஒரு பெக் அடி" என்று மதுவை நீட்டுவார்கள். இரண்டும் வேண்டாம். ஆளைப் படுக்கவைத்து, ஈர உடையைக் களைந்து, தரையின் குளிர் ஏறாதபடி கீழே மெத்தை போட்டு, ஸ்லீப்பிங் பேக்கில் சுற்றுங்கள். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி நெஞ்சோடும் அக்குளிலும் வையுங்கள். தெளிவாகப் பேசி விழுங்க முடிந்தால் இனிப்பாக ஏதாவது சூடாகக் கொடுக்கலாம். நடுங்குவது நல்லது. சூடேறாமலே நடுக்கம் நின்று பேச்சு குழறினால் நிலைமை மோசம். அவரை நடக்கவிடாமல், அசைப்பதையும் மெதுவாகச் செய்து, கைப்பேசி சிக்னல் இல்லாத இடத்திலும் செய்தி அனுப்பும் சாட்டிலைட் கருவியில் உடனே உதவி கேளுங்கள். அந்தக் கருவி மூட்டையின் அடியில் கிடக்காமல் உங்கள் ஜாக்கெட் பையிலேயே இருக்கட்டும்.

புறப்படுமுன் எந்த இரவு எந்த ஏரியில் தங்குவீர்கள் என்று எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். எந்த நேரம் வரை தகவல் வராவிட்டால் ஒன்ராறியோ மாகாணக் காவல்துறையை அழைக்க வேண்டும் என்றும் அதில் இருக்க வேண்டும். அந்த நேரத்தைத் திரும்பும் நாளுக்கு ஒரு நாள் தள்ளியே குறியுங்கள், செவ்வாய்க்கிழமை வேலைக்கும் முன்கூட்டியே லீவு சொல்லிவையுங்கள். கடைசி நாள் காற்று அடித்தால் கரையிலேயே இன்னொரு இரவு படுத்துவிடலாம். யாரும் பயந்துபோய்த் தேட மாட்டார்கள், நீங்களும் அவசரப்பட்டு அலைக்குள் இறங்க வேண்டி வராது.