மழைக்காலத் தயிரும் அணைத்து வைத்த மைக்ரோவேவும்

ஐப்பசி பிறந்து கடலூரில் மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டில் முதலில் மாறுவது தயிர். சித்திரை, வைகாசியில் மதியம் உறை ஊற்றினால் சாயங்காலத்துக்குள் கட்டியாகிவிடும், கொஞ்சம் அசந்தால் புளித்தும் போய்விடும். அதே பாக்கெட் பால், அதே பாத்திரம், அதே ஒரு ஸ்பூன் உறை, கார்த்திகை மழையில் ராத்திரி முழுக்க வைத்திருந்தாலும் காலையில் பாதி பாலும் பாதி தயிருமாக நிற்கும். சில நாள் கரண்டியில் எடுத்தால் நூல் நூலாக வழியும். நான் சின்னப் பையனாக இருந்தபோது அம்மா பாத்திரத்தைத் துண்டில் சுற்றி அரிசிப் பானைக்குள் இறக்கி வைப்பார். இப்போது மஞ்சக்குப்பம் வீட்டில் அவ்வளவு பெரிய அரிசிப் பானை இல்லை, மைக்ரோவேவ் இருக்கிறது. நாலு வருஷமாக மழைக்காலத் தயிர் அதற்குள்தான் உறைகிறது.

இதைச் சொன்னதும் எல்லாரும் கேட்பது, "எத்தனை நிமிஷம் வைக்கணும்?" ஒரு நிமிஷம்கூட வேண்டாம். பால் காய்ச்ச மைக்ரோவேவ் ஓடலாம், ஆனால் உறை ஊற்றியபிறகு அதை ஓட்டவே கூடாது. ஏன் என்று புரிய, பாத்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். அந்தப் பாலில் உறையும் தயிரிலும் அதே தண்ணீர்தான் இருக்கிறது, ஆனால் பாத்திரத்தைச் சாய்த்தால் ஓடுவதில்லை. அதைப் பிடித்து வைப்பது கேசீன் என்ற புரதம். பாலில் இருக்கும் புரதத்தில் சுமார் 80 சதவீதம் இதுதான், குட்டிக் குட்டி உருண்டைகளாக மிதக்கிறது, 5,000 உருண்டைகளை வரிசையாக அடுக்கினால்தான் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வரும். ஒவ்வொரு உருண்டையின் மேலும் முடி முடியாகப் புரத இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும், அவற்றில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒன்றை ஒன்று நெருங்க விடாமல் தள்ளும். பால் பாலாகவே இருப்பது அதனால்தான். உறையில் இருக்கும் பாக்டீரியா பாலின் சர்க்கரையான லாக்டோஸைத் தின்று லாக்டிக் அமிலத்தை விடுகிறது. பிஹெச் என்பது புளிப்பின் அளவுகோல், எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். பாலின் பிஹெச் அளவு 6.6-லிருந்து மெதுவாக இறங்க இறங்க, உருண்டைகளுக்குள் பசை மாதிரி இருந்த கால்சியம் பாஸ்பேட் கரைகிறது, முடிகளின் மின்னூட்டமும் குறைகிறது. 4.6-ஐ நெருங்கும்போது தள்ளும் விசையே இல்லாமல் போய், உருண்டைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிச் சங்கிலியாகி, சங்கிலிகள் பின்னி வலையாகி, தண்ணீர் மொத்தமும் அந்த வலைக் கண்களுக்குள் மாட்டிக்கொள்கிறது. அந்த வலைதான் தயிர்.

பாக்கெட் பால் ஏற்கெனவே பாஸ்ச்சரைஸ் செய்ததுதானே, வெதுவெதுப்பாக்கி உறை ஊற்றினால் போதாதா என்று கேட்கலாம். உறையும், ஆனால் தளதளவென்று இருக்கும். பாஸ்ச்சரைஸ் செய்யும்போது பாலை 72 டிகிரியில் 15 வினாடிதான் வைத்திருப்பார்கள், கிருமியைக் கொல்ல அது போதும். கட்டித்தயிருக்கு இன்னொரு வேலை நடக்க வேண்டும். கேசீன் போக மீதியாக, மோர்த் தெளிவில் இருக்கும் புரதங்கள் 70 டிகிரிக்கு மேல்தான் சுருள் அவிழ்ந்து கேசீன் உருண்டைகளில் ஒட்டும். 90 டிகிரியில் ஐந்து பத்து நிமிஷம் நின்ற பாலில் அப்படி நிறைய ஒட்டியிருக்கும், வலை நெருக்கமாகும், தண்ணீரும் விட்டுப் போகாது. பாலைச் சுண்டக் காய்ச்சி உறை ஊற்று என்று வீட்டில் சொல்வதில் இந்த வேதியியல் முழுசாக இருக்கிறது.

இந்தக் காய்ச்சும் வேலையை மைக்ரோவேவ் நன்றாகச் செய்யும். அதன் அலை வினாடிக்கு 245 கோடி முறை திசை மாறித் திரும்புகிறது. ஒரு பக்கம் நேர், மறுபக்கம் எதிர் மின்னூட்டம் கொண்ட தண்ணீர் மூலக்கூறு அந்த அலையோடு திரும்பப் பார்த்து, பக்கத்து மூலக்கூறுகளை இடித்து, அந்த இடியில் சூடு பிறக்கிறது. அரை லிட்டர் பாலை 28-லிருந்து 90 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 120 கிலோஜூல் வேண்டும், 800 வாட் அடுப்பு கணக்குப்படி அதை இரண்டரை நிமிஷத்தில் தர வேண்டும். அலை முழுவதும் பாலுக்குள் போவதில்லை, அதனால் எங்கள் வீட்டில் நாலு நிமிஷத்துக்கு மேலேயே ஆகிறது. பாலின் அளவைப் போல இரண்டு மடங்கு கொள்ளும் கண்ணாடிக் கிண்ணம் எடுங்கள், நடுவில் ஒருமுறை நிறுத்திக் கிளறுங்கள், பொங்க ஆரம்பித்ததும் குறைந்த பவரில் இன்னும் ஐந்தாறு நிமிஷம். சாதாரண மைக்ரோவேவில் குறைந்த பவர் என்றால் அலை மெலிந்து வருவதில்லை, சில வினாடி முழு வேகத்தில் ஓடும், சில வினாடி நிற்கும், காதைக் கொடுத்துக் கேட்டால் தெரியும்.

உறை ஊற்றியபிறகு ஓட்டக்கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். பெட்டிச் சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து சில இடத்தில் கொதிக்கும் சூட்டையும் சில இடத்தில் ஒன்றுமில்லாமலும் வைக்கும். உறைப் பாக்டீரியாவுக்கு 60 டிகிரியைத் தாண்டினால் பிழைப்பு கஷ்டம், அதைவிடக் குறைவான சூட்டிலேயே வேலையை நிறுத்திவிடும். பத்து வினாடி ஓட்டினாலும் எந்த மூலையில் எவ்வளவு சூடு என்று சொல்ல முடியாது.

சரி, எத்தனை டிகிரி வேண்டும்? யோகர்ட்டுக்கு உரிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபேசிலஸ் பல்காரிக்கஸ் என்ற இரண்டு பாக்டீரியாவுக்கும் 42 டிகிரிப் பக்கம் பிடிக்கும். இரண்டாவதாகச் சொன்னதைத்தான் 2012-ல் இந்தியாவின் தேசிய நுண்ணுயிர் என்று அறிவித்தார்கள். வீட்டு உறையில் இவற்றோடு லாக்டோகாக்கஸ் வகைகளும் கலந்திருக்கும், அவற்றுக்கு 30 டிகிரியே போதும். ஆக, எந்தச் சூட்டில் வைக்கிறோமோ அதற்கேற்ற கூட்டம் பெருகும். தயிரில் நூல் விடுவதும் குளிர்ச்சியில்தான் அதிகம், சில லாக்டோகாக்கஸ்கள் அப்போது பசை மாதிரி நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளை வெளியே விடும். கெட்டுப்போனது என்று நினைத்துக் கொட்ட வேண்டாம், மோராக அடித்தால் தெரியாது. ஆனால் அதையே அடுத்த நாள் உறையாக ஊற்றினால் நூலும் கூடவே வரும்.

அம்மாவிடம் தெர்மாமீட்டர் இருந்ததில்லை. "சுண்டு விரல விட்டு பத்து எண்ணணும், விரல் தாங்கணும், ஆனா சூடு தெரியணும்" என்பார். அவர் விரல் எடுத்ததும் ஒருநாள் நான் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன், 44 காட்டியது. அந்தச் சூட்டில் ஒரு ஸ்பூன் உறையை முதலில் கொஞ்சம் பாலில் கரைத்து, பிறகு மொத்தத்திலும் ஊற்றிக் கலந்துவிடுங்கள். நல்ல தயிரில் ஒரு கிராமுக்குக் குறைந்தது ஒரு கோடி பாக்டீரியா உண்டு, ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றத் தேவையில்லை, அதிகம் ஊற்றினால் புளிப்புதான் சீக்கிரம் வரும்.

இனி அந்தச் சூட்டை ஐந்தாறு மணி நேரம் காப்பாற்ற வேண்டும். கார்த்திகை ராத்திரியில் மேடைமேல் வைத்த பால் 30 டிகிரிக்குக் கீழே இறங்க அதிக நேரம் ஆகாது. மைக்ரோவேவ் பெட்டிக்கு உள்தகடு, வெளித்தகடு, நடுவில் காற்று, அழுத்தி மூடும் கதவு. சூடு தாங்க இது போதும், கூடவே இரண்டு டம்ளர் கொதிநீர் வைத்துவிட்டால் கவலையே இல்லை. அரை லிட்டர் பால் 45-லிருந்து 30-க்கு ஆறினால் இழப்பது 30 கிலோஜூல். இரண்டு டம்ளரில் 400 மில்லி தண்ணீர் 95-லிருந்து 40-க்கு ஆறும்போது வெளிவிடுவது 90-க்கு மேல். பால் இழப்பதைப் போல மூன்று மடங்கு சூடு பக்கத்திலேயே காத்திருக்கிறது. டம்ளர் பாத்திரத்தைத் தொடாமல் இருக்கட்டும், தொட்ட பக்கம் மட்டும் சூடேறும். தண்ணீரை மைக்ரோவேவிலேயே கொதிக்க வைத்தால் உள்ளே ஒரு மரக்கரண்டியைப் போட்டுவிடுங்கள், குமிழ் விடாமலே கொதிநிலையைத் தாண்டிய தண்ணீர் எடுக்கும்போது கைமேல் பொங்கிவிடும், அது ஆபத்து.

பெட்டி அணைந்திருப்பதால் எவர்சில்வர் பாத்திரமும் வைக்கலாம். ஆனால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், காலையில் காப்பி சூடு பண்ண யாராவது அரைத்தூக்கத்தில் பட்டனை அமுக்கினால் பாத்திரம் பொறி விடும், பாக்டீரியாவும் செத்துவிடும். மழையில் கரண்ட் போனாலும் தயிருக்கு ஒன்றும் ஆகாது.

நடுவில் திறந்து பார்க்காதீர்கள், ஆட்டாதீர்கள், வலை பின்னும் நேரத்தில் அசைத்தால் அறுந்த இடத்தில் தண்ணீர் பிரியும். ஐந்து மணி நேரம் கழித்து லேசாகச் சாய்த்துப் பாருங்கள், மொத்தமும் ஒரே துண்டாக அசைந்தால் உடனே ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள், வெளியே இருந்தால் அமிலம் ஊறிக்கொண்டே போகும். ஆறியதும் யாரும் கரண்டி போடுவதற்கு முன்னால் நடுவிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்துக் கிண்ணியில் மூடி வைத்துவிட்டால், நாளைக்கு உறை தயார்.