சூப்பர்மேன் தாத்தாவும் தாழ்ந்துபோன நாற்காலியும்

மின்விசிறியைத் துடைப்பதற்காக ஸ்டூலில் ஏறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்ட 71 வயதுப் பெரியவர் ஒருவரை, கட்டுப் பிரித்த பிறகு, அவருடைய மகள் என்னிடம் இயன்முறை சிகிச்சைக்கு அழைத்து வந்தார். இளமையில் நெல்மண்டியில் மூட்டை சுமந்தவர் என்பதால் பேரப்பிள்ளைகளுக்கு அவர் 'சூப்பர்மேன் தாத்தா'. எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டதற்கு, "பறந்ததெல்லாம் சரியாகத்தான் இருந்தது தம்பி, இறங்கும்போதுதான் பிசகிவிட்டது" என்றார். எல்லோரும் சிரித்தோம், மகள் மட்டும் சிரிக்கவில்லை.

கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னேன். மூன்றாவது முறை எழும்போது அவரை அறியாமலே கை தொடையை ஊன்றியது. "உங்கள் நாற்காலி ரொம்பத் தாழ்வு" என்றார். வீட்டில் கட்டிலும் தாழ்ந்துவிட்டதாம், பேருந்துப் படி உயர்ந்துவிட்டதாம். இந்தப் பேச்சை நான் அடிக்கடி கேட்கிறேன்; தளர்ச்சியை ஒப்புக்கொள்ள மனம் வராதவர்கள் அதை வேடிக்கையாக்கிவிடுவதால், வீட்டாரும் சிரித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

ஆசிய மருத்துவ வல்லுநர்கள் 2019இல் வகுத்த வரையறைப்படி, ஐந்து முறை எழுந்து உட்கார 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் உடல் திறன் குறைந்திருக்கிறது என்று பொருள். இவருக்கு 19 நொடி ஆயிற்று. "தினமும் நாலு கிலோமீட்டர் நடக்கிறேனே!" என்று வாதாடினார். நடப்பது இதயத்துக்கு நல்லதுதான். ஆனால், வயதாகும்போது நம் தசைகளில் அதிகம் மெலிவது வேகமாகச் சுருங்கும் இழைகளே. கால் இடறும் கணத்தில் உடலைத் தாங்கிப் பிடிக்க வேண்டியவையும் அவையே என்பதால், நெடுந்தூரம் நடப்பவரும் ஸ்டூலிலிருந்து விழுகிறார். 1989இல் 'சார்கோபீனியா' என்று பெயர் பெற்ற இந்தத் தசை நலிவு, 'வயசானால் அப்படித்தான்' என்று விட்டுவிட வேண்டியதன்று. 90 வயதை ஒட்டிய, முதியோர் இல்லத்தில் வாழ்ந்த சிலருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி அளித்தபோது, அவர்களுடைய கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியதாக அமெரிக்க ஆய்வு ஒன்று 1990இலேயே காட்டியது.

வாரம் மூன்று நாள் நாற்காலிப் பயிற்சி, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துதல், மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல் என்று தொடங்கினோம். மூட்டு வலியோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். பேரன் கைபேசியில் நொடிகளை எண்ணுகிறான். சென்ற வாரம் 14 ஆனது. மின்விசிறியை இப்போது அவன்தான் துடைக்கிறான். தாத்தா கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொள்கிறார்.