ரெட் சோன்யாவின் சபதமும் என் ஆலோசனை அறையும்

பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உளவியல் ஆலோசனை வழங்குவது என் தொழில். ரிச்சர்ட் ஃபிளைஷர் இயக்கி 1985இல் வெளிவந்த 'ரெட் சோன்யா' திரைப்படத்தை அண்மையில் மறுபடி பார்த்தபோது, சிறுவயதில் வாய்பிளந்து ரசித்த காட்சிகளே என்னை நெளிய வைத்தன. பிரிகிட் நீல்சன் ஏற்ற வாள்வீராங்கனை சோன்யாவின் குடும்பத்தை அரசி கெட்ரனின் வீரர்கள் கொன்று, அவளை வன்புணர்வுக்கு உள்ளாக்குகிறார்கள். பிறகு ஓர் ஆவி தோன்றி அவளுக்கு வலிமை அளிக்கிறது. 1970களில் அமெரிக்கச் சித்திரக்கதை நிறுவனமான மார்வெல் காமிக்ஸ் எழுதிய பின்கதை இது. நேர்மையான சண்டையில் தன்னை வென்றவனுக்கு அன்றி வேறு எந்த ஆணுக்கும் இணங்குவதில்லை என்ற சபதமும் அதிலிருந்தே வந்தது.

படத்தில் அந்தச் சபதம் வேடிக்கையாகிவிடுகிறது. அர்னால்டு ஷ்வார்ஸ்நெகர் நடித்த கலிடோர், அவளை விரும்பியே வாளை உருவுகிறான். சிறுவனான இளவரசனும் அவனுடைய பணியாளும் பார்த்துக்கொண்டிருக்க, இருவரும் கை ஓய்ந்து சாயும்வரை மோதுகிறார்கள். சிரிப்பு வருவது உண்மைதான். ஆனால் தோற்றால் இணங்க வேண்டும் என்றாகும்போது, 'வேண்டாம்' என்ற சொல்லின் மதிப்பு அவளுடைய தோள்பலத்தின் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

இதே கணக்கை என் அறையிலும் கேட்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்வதானால், ஓர் இளம்பெண் துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நெடுநேரம் இருந்துவிட்டு, "நான் கத்தவே இல்லை மேடம், தள்ளிவிடக்கூட இல்லை, அப்போ சம்மதிச்ச மாதிரிதானே?" என்றார். பேராபத்தில் உடல் போராடும் அல்லது ஓடும் என்பதை எல்லோரும் அறிவோம். கை கால் அசையாமல், குரல் எழும்பாமல் உறைந்துபோவதும் அதே அளவுக்கு இயல்பான, நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத எதிர்வினை என்பதைச் சிலரே அறிவர். ஸ்டாக்ஹோமில் வன்புணர்வுக்குப் பின் அவசர சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், 70 விழுக்காட்டினர் குறிப்பிடத்தக்க அளவில் அப்படி உறைந்திருந்தனர். உடலால் எதிர்க்கவில்லை என்பதை மட்டுமே வைத்துப் பெண் சம்மதித்ததாகக் கொள்ளக் கூடாது என்று இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவும் சொல்கிறது. இவற்றையெல்லாம் அவருக்கு விளக்கியபோது, துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டிருந்த விரல் நின்றது.

சோன்யாவின் கதையும் மாறியிருக்கிறது. 2013இல் காமிக்ஸ் தொடரை எழுத வந்த கெயில் சிமோன், பின்கதையிலிருந்து வன்புணர்வை நீக்கினார். ஊரை இழந்த சினமே அவள் வாள் ஏந்தப் போதுமான காரணமாயிற்று. எம். ஜே. பாசெட் இயக்கத்தில் மடில்டா லுட்ஸ் நடித்த 2025ஆம் ஆண்டுப் படமும் சூறையாடப்பட்ட ஊரிலிருந்தே தொடங்குகிறது. 1970களில் எஸ்டபான் மரோட்டோவின் ஓவியத்தில் பிறந்து அவளுடைய அடையாளமாகிவிட்ட துக்கடா கவசம்கூட இப்படத்தில் சண்டை அரங்கை நடத்துபவர்கள் அவளுக்கு மாட்டிவிடும் வேடமாகத்தான் வருகிறது. (நெஞ்சும் வயிறும் திறந்து கிடக்கும் அதைக் கவசம் என்றழைக்க எனக்கு என்றைக்குமே மனம் வந்ததில்லை.)

உங்களிடம் ஒருவர் இத்தகைய துயரத்தைச் சொன்னால், ஏன் எதிர்க்கவில்லை என்று கேட்காதீர்கள். துர்கா, காளி என்று உசுப்பேற்றவும் வேண்டாம். மகளிர் உதவிக்கு 181, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்களைக் கொடுத்து, அழைப்பதா வேண்டாமா என்ற முடிவை அவரிடமே விடுங்கள்.

நான்காம் அமர்வுக்கு வந்த அந்தப் பெண், அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகக் கூறினார். அக்கா என்ன கேட்டார் என்றேன். "சாப்பிட்டியான்னு கேட்டா" என்றார்.