பிள்ளை கேட்கும் பெயரில் பள்ளி கூப்பிடலாமா? சட்டம் சொல்வது என்ன?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தமிழ் மீடியத்தில் படிக்கும் பிள்ளைக்கு ஒரு கூடுதல் சுமை இருக்கிறது. மலையாளத்தில் 'வந்நு' என்றால் பையனுக்கும் அதுதான், பெண்ணுக்கும் அதுதான். தமிழில் 'வந்தான்', 'வந்தாள்' என்று வினையின் வாலிலேயே பால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆண் என்று பதிவாகி, தன்னைப் பெண்ணாக உணரும் பிள்ளையின் காதில் ஒரு நாளைக்கு எத்தனை 'வந்தான், போனான், எழுதினான்' விழும்!

சரி, சட்டத்துக்கு வருவோம். கூப்பிடும் பெயர் வேறு, ரிஜிஸ்டர் பெயர் வேறு. ரேஷன் கார்டில் ஒன்று, வாயில் ஒன்று என்று இரண்டு பெயர் நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கும் உண்டு. கூப்பிடும் பெயருக்கு எந்தச் சான்றிதழும் வேண்டாம். மாணவரை 'அவன்' என்பதா 'அவள்' என்பதா என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் வகுத்துச் சொல்லவில்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் இதற்கென்றே 2023-ல் ஆசிரியர்களுக்குக் கட்டுப்பாடு வந்தது; இங்கே அப்படித் தடை கிடையாது. ஆகவே பிள்ளை கேட்கும் பெயரில் கூப்பிட 'ரூல் இல்லை' என்று சொல்லி டீச்சர் மறுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ரூல் இருக்கும் இடம் வேறு. 2014 ஏப்ரல் 15 அன்று, தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த நால்சா (NALSA) வழக்கில், தன் பாலின அடையாளத்தைத் தானே முடிவு செய்வது ஒருவரின் உரிமை என்றது உச்ச நீதிமன்றம். 2019-ல் வந்த திருநர் (பிறந்தபோது பதிவான பாலும் தான் உணரும் பாலும் வேறாக இருப்பவர்) உரிமைப் பாதுகாப்புச் சட்டம், அரசு நிதி பெறும் பள்ளியானாலும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியானாலும் பாகுபாடு காட்டக் கூடாது, எல்லாரோடும் சேர்த்தே படிக்க வைக்க வேண்டும் என்கிறது. பெயரைச் சொல்லி ஒரு பிள்ளையை வகுப்பே கேலி செய்வதைப் பள்ளி பார்த்துக்கொண்டிருந்தால், அது இந்தச் சட்டத்துக்கு எதிரானது என்றே நான் நினைக்கிறேன்.

ரிஜிஸ்டர் பெயருக்குத்தான் காகிதம் வேண்டும். கேரளக் கல்வி விதிகளின்படி, அட்மிஷன் ரிஜிஸ்டரில் ஏறிய பெயரைத் தலைமையாசிரியர் தானாக மாற்ற முடியாது. உரிய அதிகாரியின் அனுமதி தேவை. 2019 சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் அடையாளச் சான்றிதழ் வாங்கினால், பிறப்புச் சான்றிதழிலும் மற்ற அடையாள ஆவணங்களிலும் முதல் பெயரை மாற்றிக்கொள்ளும் உரிமை வருகிறது. 18 வயது நிரம்பாத பிள்ளைக்கு அம்மா, அப்பா அல்லது பாதுகாவலர்தான் விண்ணப்பிக்க முடியும். வீட்டார் துணை நிற்காத பிள்ளைக்குக் கதவு அடைபடுவது இங்கேதான். எனக்கு மனசு கேட்காத இடமும் இதுதான். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர் போவதற்கு முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

அழைக்கும் சொல்லை மாற்றுவது கேரளத்துக்குப் புதிதில்லை. 2021-ல் இதே மாவட்டத்தின் மாத்தூர் பஞ்சாயத்து, ஆபீசில் 'சார்', 'மேடம்' வேண்டாம் என்றது. 2023 ஜனவரியில் மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையம், ஆணோ பெண்ணோ ஆசிரியர் எல்லாரையும் 'டீச்சர்' என்றே கூப்பிடச் சொன்னது.

காகிதம் நகர மாதக்கணக்கில் ஆனாலும் வகுப்பு காத்திருக்க வேண்டியதில்லை. வருகை எடுக்கும்போது நம்பரைச் சொல்லலாம். அப்புறம், 'வந்தாச்சா?', 'எழுதியாச்சா?' என்று கேட்டால் அதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை.